நீல மஞ்சள் தொப்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் நீ தயங்கித் தயங்கிச் சொன்னது இன்னும் காதுக்குள்ளேயே நிற்கிறது. சின்னவன் நம்முடைய பரமட்டா ரக்பி லீக் அணியின் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தனக்கு இனி நீங்கள் இப்போது இருக்கிற டவுன்ஸ்வில்லின் கவ்போய்ஸ் அணிதான் என்கிறானாம். நீ அதட்டினாயாம். அவன் அழுதுகொண்டே படுத்துவிட்டானாம். "அம்மா, உங்களுக்குக் கவலையாக இருக்கிறதா?" என்று கேட்டாய். கவலைதான், தம்பி. அவன் சட்டை மாற்றியதற்காக அல்ல, ஏழு வயதுப் பிள்ளையை நீ அதட்டியதற்காக. தொலைபேசியில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

பரமட்டா உனக்கு எப்படி வந்தது என்று தெரியுமா? பிறந்த நாளிலிருந்தே கூட இருந்தது போல நீ பேசுவாய். அது உனக்கு மூன்று வயதில்தான் வந்தது. ஒரு தொப்பியோடு வந்தது.

1988 ஆடி மாதம். சிட்னியில், வென்ட்வொர்த்வில்லில் மெல்லிய சிமெந்துத் தகட்டுச் சுவர் வைத்த அந்தப் பழைய பைப்ரோ வீட்டுக்கு நாங்கள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சுவருக்கும் தரைக்கும் இடையால் குளிர்காற்று நுழையும். உனக்குச் சளி, இருமல், இரவெல்லாம் அழுகை. அப்பா வேலை தேடிப் போயிருந்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்த புதிதில் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். உன்னைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வரைக்கும் போய்விட்டேன். தட்டிய கை ஓயவில்லை. திறந்து பார்த்தால் பக்கத்து வீட்டு அம்மா. எதுவும் பேசாமல் கையில் இருந்த தொப்பியை உன் தலையில் போட்டு, காதுவரை இழுத்துவிட்டார்.

நீலமும் மஞ்சளும் மாறி மாறி வரும் கம்பளித் தொப்பி. உச்சியில் ஒரு குஞ்சம். நூலை முடிந்த இடத்தில் உள்ளே ஒரு சிறிய முடிச்சு இருந்தது. அது உன் நெற்றியை உறுத்தக்கூடாது என்று விளிம்பை மடித்துத் தைத்திருந்தார். இருமல் சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டிருக்கிறது. இரண்டு இரவில் பின்னி முடித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நீ அந்தத் தொப்பியைக் கழற்றவே இல்லை. ஒரு நாள் உன்னோடு வெஸ்ட்மீட்டுக்கு ரயிலில் போகும்போது, சீருடை போட்ட ஒருவர் எங்களைப் பார்த்து "கோ பரா!" என்று உரக்கச் சொன்னார். அந்தக் 'கோ' மட்டும்தான் எனக்கு விளங்கியது. இறங்கிப் போகச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தன் தலையைத் தொட்டுக் காட்டி, உன் தொப்பியைக் காட்டினார். நீலமும் மஞ்சளும் பரமட்டா அணியின் நிறங்கள், அந்த அணியை உற்சாகப்படுத்தும் குரல்தான் அது என்று பிறகுதான் விளங்கியது. இந்த நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் எங்களிடம் அன்பாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். விளையாட்டு என்ன, அதில் எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கே நான் பரமட்டாக்காரியாகிவிட்டேன்.

பதின்மூன்று பேர் ஆடுவார்கள், ஆறாவது முறை மடக்கிப் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போகும் என்பதெல்லாம் பிறகு அந்த அம்மா சொல்லித் தந்தது. இந்த நாட்டுப் பிள்ளைகள் பாட்டியைக் கூப்பிடுவது போல நீ அவரை 'நானா' என்று கூப்பிடப் பழகினாய். நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் போன வெள்ளிக்கிழமைகளில் நீ அவருடைய வீட்டுச் சோபாவில் படுத்தபடி ஆட்டம் பார்த்துத் தூங்கிப்போனாய். விடியற்காலையில் நான் வந்து தூக்கும்போது உன் கன்னத்தில் அந்தச் சோபாத் துணியின் கோடுகள் பதிந்திருக்கும்.

அவருக்கு அது எப்படி வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது என்றார். பரமட்டா சிட்னியின் ரக்பி லீக் போட்டிக்குள் நுழைந்தது 1947இல். அந்த வருடம் அவருக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் கம்பர்லண்ட் மைதானத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அதற்குப் பிறகு தோல்வி மேல் தோல்வி. 1956 முதல் 1961 வரை ஆறு வருடங்கள் தொடர்ந்து கடைசி இடம். ஆறு வருடமும் தகப்பனும் மகளும் அதே மரப்பலகையில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்பது போல என்னைப் பார்த்தார். "அப்பா சனிக்கிழமை அங்கேதானே இருப்பார்" என்றார்.

முதல் கிண்ணம் கிடைக்க 1981 வரை காத்திருந்தார்கள். சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் நியூடவுன் அணியை 20க்கு 11 என்று வென்ற அன்றிரவு, சனங்கள் மகிழ்ச்சி தாங்காமல் கம்பர்லண்ட் மைதானத்துக்குள் புகுந்து, அந்தப் பழைய மரக்கொட்டகைக்கே தீ வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை அவரும் வயதான தகப்பனும் போய்ப் பார்த்தார்களாம். சாம்பல் இன்னும் சுட்டதாம். தாங்கள் உட்கார்ந்த பலகை இருந்த இடத்தைக் கணக்குப் போட்டுப் பிடித்து, விரல் நீளத்தில் ஒரு கரிந்த துண்டை எடுத்து வந்திருக்கிறார். தேயிலை டின் ஒன்றில் அதை வைத்திருந்தது உனக்கும் நினைவிருக்கும். நீ தொட்டுவிட்டு விரலை மோந்து பார்ப்பாய்.

1982, 1983 என்று அடுத்தடுத்துக் கிண்ணம். சொந்த மைதானம் இல்லாமல் பெல்மோரில் இரவல் மைதானத்தில் ஆடிய காலம் அது. 1986இல் புதிய அரங்கை எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார். அதே வருடம் நான்காவது கிண்ணம். கன்டர்பரிக்கு எதிராக 4க்கு 2. எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்கும் 'ட்ரை' இரு பக்கமும் ஒன்றுகூட இல்லை. மிக் குரோனினும் ரே பிரைஸும் அந்த ஆட்டத்தோடு ஓய்வுபெற்றார்கள். நாங்கள் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. நான் இந்த அணியைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு கிண்ணமும் கிடைக்கவில்லை. அதனால் என்ன?

ஊரிலும் இப்படித்தானே இருந்தோம். 1904இலிருந்து இரண்டு கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெரும்போரில் நான் சென் ஜோன்ஸ் பக்கம். பெரியமாமா அங்கே படித்தார், அவ்வளவுதான் காரணம். எதிர்வீட்டுப் பிள்ளைகளின் தமையன் யாழ். மத்திய கல்லூரி, அதனால் அவர்கள் அந்தப் பக்கம். ஆட்டம் நடக்கும் நாட்களில் படலையில் நின்று சண்டை போடுவோம். யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று பார்த்து ஒருவரும் பக்கம் எடுக்கவில்லை.

2001 உனக்கு மறக்காது. பதினாறு வயது உனக்கு. அந்த வருடம் பரமட்டா புள்ளிப் பட்டியலில் முதலிடம், இந்த முறை நிச்சயம் என்று நீ ஜன்னலில் கொடி கட்டினாய். ஞாயிறு இரவு இறுதி ஆட்டம். இடைவேளையில் நியூகாசில் 24, நாங்கள் பூச்சியம். நீ எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாய். நானா அசையவில்லை. தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறதே" என்றார். இரண்டாம் பாதியில் நாங்களும் 24 எடுத்தோம். அது போதவில்லை, 30க்கு 24 என்று முடிந்தது. ஒவ்வொரு 'ட்ரை'க்கும் உன் கதவு ஒரு விரற்கடை திறந்ததை நான் பார்த்தேன். கடைசியில் நீ வந்து நானாவின் காலடியில் உட்கார்ந்தாய். அவர் உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

என்னோடு இரவு வேலை செய்த ஒரு பெண் சவுத் சிட்னிக்காரி, ரெட்பேர்னில் வளர்ந்தவள். 1999 முடிவில் அவளுடைய அணியைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 1908இலிருந்து ஆடிய அணி. இனி உனக்கென்று ஒரு அணி இல்லை, எங்களோடு வா என்று நாங்கள் கூப்பிட்டோம். அப்படிக் கூப்பிட்டது பிழை என்று இப்போது நினைக்கிறேன். அவள் வரவில்லை. 2000இல் பல்லாயிரம் பேர் சிட்னித் தெருக்களில் ஊர்வலம் போனபோது, இரவு வேலை முடித்துத் தூங்காமல் நேராக அங்கே போனாள். நீதிமன்றத்தில் போராடி 2002இல் அணி திரும்பி வந்தது. 2014இல், நாற்பத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு கிண்ணம். அன்றைக்கு அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளால் பேச முடியவில்லை, அழுகைதான் கேட்டது.

இன்னொன்றும் நானா சொல்லுவார். இது கூலிக்காரர்களின் விளையாட்டு. 1895இல் இங்கிலாந்தின் வடக்கே ஹடர்ஸ்பீல்ட் நகரத்தில், ஜோர்ஜ் ஹோட்டலில் கூடி, ரக்பிக் கழகங்கள் தனியாகப் பிரிந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த ரக்பி லீக். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவன் ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுசெய்யச் சொல்லிக் கேட்டார்கள், மேலிடம் மறுத்தது. ஒரு இரவு வேலையைத் தவறவிட்டால் வாடகையில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டு வாழ்ந்த எனக்கு, அந்த ஆட்கள் சொந்தக்காரர் போலத் தெரிந்தார்கள்.

இப்போது சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வைத்தியசாலையில் இரவுக் கடமை இருந்த அன்று, அடுத்த வீட்டுத் தகப்பன் தன் பிள்ளைகளோடு அவனையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனாராம். தோளில் தூக்கி வைத்துக் காட்டினாராம். தூங்கிப்போனவனைச் சுமந்து வந்து கட்டிலில் கிடத்தினாராம். இதையெல்லாம் மருமகள்தான் சொன்னாள், நீ சொல்லவில்லை. தம்பி, அந்த மனிதர் யார் என்று உனக்குத் தெரியவில்லையா? அவர்தான் சின்னவனுக்கு நானா. தொப்பியைப் போட்டுவிட்டார்.

கவ்போய்ஸ் என்ன குறைந்த அணியா? 1995இல்தான் வந்தது; பிரிஸ்பேனிலிருந்து 1,300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற ஒரு ஊருக்குக் கிடைத்த அணி. 2005 அரையிறுதியில் எங்களை 29க்கு 0 என்று அடித்தார்கள். மூன்று நாட்கள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. 2015 இறுதியில் மணி அடித்த நேரத்தில் சமன் செய்து, மேலதிக நேரத்தில் ஜொனதன் தர்ஸ்டன் உதைத்த ஒரு புள்ளியால் பிரிஸ்பேனை 17க்கு 16 என்று வென்றதை நீயும் நானும் எழுந்து நின்றுதான் பார்த்தோம். 2022இல் அவர்களுடைய ஊரிலேயே நாங்கள் 24க்கு 20 என்று வென்று இறுதிக்குப் போனோம். கணக்குச் சரி.

பரமட்டா என்ற பெயரே இந்த மண்ணின் ஆதிக்குடிகளான டாருக் மக்களின் மொழியிலிருந்து வந்தது. விலாங்குகள் தங்குமிடம் என்று பொருள் சொல்லுவார்கள். பரமட்டா ஆற்றங்கரையில் வளர்ந்தவன் நீ. சின்னவன் வளர்வது டவுன்ஸ்வில்லின் ரோஸ் ஆற்றங்கரையில்.

நானா போய்விட்டார். முதியோர் இல்லத்துக்குப் போகும் முன்பே அந்தத் தேயிலை டின்னை என் கையில் தந்துவிட்டார். பழையதை இடித்துக் கட்டிய புதிய அரங்கில் 2019இல் முதல் ஆட்டம், உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், வெஸ்ட்ஸ் டைகர்ஸை 51க்கு 6 என்று வென்றோமே, அன்று அந்தக் கரித்துண்டைக் கைக்குட்டையில் சுற்றி என் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் போகும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அது உனக்கு. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ. தொப்பியும் பெட்டியில் இருக்கிறது. குஞ்சம் மட்டும் இல்லை.

அடுத்த வருடம் பரமட்டா டவுன்ஸ்வில்லுக்கு ஆட வரும்போது நான் வருகிறேன். அடுத்த வீட்டுத் தகப்பனையும் அவருடைய பிள்ளைகளையும் சேர்த்து டிக்கெட் எடு. காசு நான் தருகிறேன். வடையும் ரோல்ஸும் செய்து கொண்டுவருவேன். சின்னவன் என் பக்கத்தில் அவனுடைய சட்டையோடு உட்காரட்டும். அந்தச் சட்டை அப்பம்மா வாங்கித் தந்ததாக இருக்க வேண்டும். இன்றைக்கே கடையில் சொல்லி எடுப்பிக்கிறேன். எட்டு வயது அளவு காணுமா, பத்து எடுக்கவா என்று மருமகளிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா