வாஷிங்டனுக்கே பெயர் கொடுத்த ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஊர்ப்பெயர்க் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் வாஷிங்டன் என்ற பெயருள்ள ஊர்கள் எல்லாமே அமெரிக்காவின் முதல் அதிபர் நினைவாக வைக்கப்பட்டவை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அங்கேதான் இடிக்கிறது. அதிபருக்கே அந்தப் பெயர் ஓர் ஊரிலிருந்துதான் வந்தது.

வடகிழக்கு இங்கிலாந்தில், சண்டர்லேண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த வாஷிங்டன். 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் என்பவர் தன்னிடம் இருந்த ஹார்ட்பர்ன் என்ற ஊரைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இதை வாங்கிக்கொண்டார். அதுவரை ஹார்ட்பர்ன் வில்லியம். ஊர் மாறியதும் வாஷிங்டன் வில்லியம். குடும்பப் பெயர்கள் இன்னும் கெட்டிப்படாத காலம் அது. பிள்ளைகளுக்கும் புது ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. பின்னாளில் ஒரு கிளை தெற்கே போய் சல்கிரேவில் வீடு கட்டியது. 1650களில் ஜான் வாஷிங்டன் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் அதிபர். (சசெக்ஸில் இன்னொரு வாஷிங்டன் கிராமம் உண்டு. அதற்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை.)

சரி, அமெரிக்காவில் வைத்த பெயர்களாவது நேரான கதையா? 1853இல் கொலம்பியா நதிக்கு வடக்கே இருந்தவர்கள் தங்கள் பகுதிக்குக் கேட்ட பெயர் கொலம்பியா. தலைநகர் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தோடு (அதுதான் டி.சி.) குழம்பிப்போகும் என்று சொல்லி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அதை வாஷிங்டன் என்று மாற்றிவிட்டார்கள். குழப்பம் தீர்ந்த லட்சணத்தைப் பாருங்கள்: இன்றைக்கும் யாராவது வாஷிங்டன் என்றால் "மாநிலமா, டி.சி.யா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதிபருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. ஆனால் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரோடு சுமார் 1,63,000 அமெரிக்கர்கள் இருந்தார்கள். அவர்களில் 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்து பின்னாளில் புகழ்பெற்ற கறுப்பினக் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பேர் கூப்பிடும்போது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தார். தன் முறை வந்ததும் கூசாமல் "புக்கர் வாஷிங்டன்" என்றார். வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன்.

ஆகவே அந்த வரியை அடுத்த இதழில் திருத்தினால் நல்லது. படம் போட இடமிருந்தால், அதிபர் மாளிகையை விட்டுவிட்டு இங்கிலாந்தில் அந்தக் குடும்பம் வாழ்ந்த இடத்தில் நிற்கும் வாஷிங்டன் ஓல்டு ஹால் என்ற பழைய வீட்டின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்