அதே மாடல், வேறு பில்: வேகச் செடானை அன்றாடம் ஓட்டுபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பணிமனைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நான்கு கதவு, ஐந்து இருக்கை, குடும்பத்துக்குப் போதுமான டிக்கி. பானெட்டைத் திறந்தால் மட்டும் பந்தயக் களத்தின் சாயல் கொண்ட இன்ஜின். பில்லைக் கையில் வாங்கியதும் எழும் கேள்வியும் ஒன்றுதான்: “என் நண்பரிடம் இதே மாடலின் சாதாரண வகை இருக்கிறது. அவரைப் போலத்தான் நானும் அலுவலகத்துக்கும் கடைக்கும் போய் வருகிறேன். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?” கவுன்டரில் நின்றபடி இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறோம்.

உங்கள் கார் எந்த வேகத்துக்காகப் படைக்கப்பட்டதோ, அந்த வேகத்துக்கான செலவைத்தான் அது வைக்கும். நீங்கள் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் சரி. இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டவர்கள் பல ஆண்டுகள் மகிழ்ச்சியாக ஓட்டுகிறார்கள். ஏற்காதவர்கள் இரண்டாவது டயர் மாற்றத்துக்கு முன்பே விற்றுவிடுகிறார்கள்.

இந்த வகைக் காரின் வசீகரம் எங்களுக்குப் புரியாததல்ல. 1985இல் வெளிவந்த முதல் பிஎம்டபிள்யூ எம்5, எம்1 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் வழிவந்த ஆறு சிலிண்டர் இன்ஜினை ஒரு சாதுவான செடானுக்குள் ஒளித்து வைத்திருந்தது. 286 குதிரைத்திறன், எடை ஒன்றரை டன்னுக்கும் குறைவு. 1990களின் தொடக்கத்தில் வந்த மெர்சிடிஸ் 500இ இன்னும் சுவையான கதை. அகலமான மட்கார்டுகள் வழக்கமான உற்பத்தி வரிசைக்குப் பொருந்தாததால், அதன் பாகங்களைப் பூட்டிக் காராக்கும் வேலையின் பெரும்பகுதியை போர்ஷே நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அதே உடலின் எளிய வகைகள் ஜெர்மனியில் டாக்சியாக ஓடிக்கொண்டிருந்தன. தெரியாதவர் கண்ணுக்கு டாக்சி, தெரிந்தவருக்கு எட்டு சிலிண்டர் வி8. இந்த அடக்கம்தான் எங்களில் பலரை இந்தத் தொழிலுக்கே இழுத்து வந்தது.

இன்றைய கார்கள் அப்படி அடக்கமாக இல்லை. 2024இல் வந்த எம்5, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன் தருகிறது. எடை சுமார் 2.4 டன். இந்த வகை ஜெர்மன் கார்கள் பெரும்பாலும் மணிக்கு 250 கி.மீ.யில் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்படுகின்றன. கூடுதல் தொகுப்பு வாங்கினால் இந்த எம்5 305 வரை போகும். வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். 200 கி.மீ. வேகத்தில் வரும் 2.4 டன் எடையைத் திரும்பத் திரும்ப நிறுத்தவும், வளைவில் பிடித்து நிறுத்தவும் ஏற்ற பாகங்கள்தான் உங்கள் காரில் இருக்கின்றன. நீங்கள் 60க்கு மேல் போவதே இல்லை என்பது அந்தப் பாகங்களின் விலையை ஒரு காசுகூடக் குறைக்காது.

டயரிலிருந்து தொடங்குகிறோம். எங்கள் பில்களில் அதிக வாக்குவாதத்தைக் கிளப்புவது அதுதான்.

இந்தக் கார்களின் டயர்கள் நெடுநாள் உழைப்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல; பிடிமானத்துக்காகச் செய்யப்பட்டவை. ரப்பர் மென்மையானது, அதனால் வேகமாகத் தேயும். சாதாரணக் காரில் முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டலாம். இங்கே பின் டயர் முன்னதைவிட அகலம். புதிய எம்5இல் முன் ரிம் 20 அங்குலம், பின் ரிம் 21 அங்குலம். இடம் மாற்றவே வழியில்லை. போதாக்குறைக்கு, வளைவுகளில் பிடிப்பு கூடுவதற்காகச் சக்கரங்களின் மேல்பகுதியைச் சற்று உட்புறமாகச் சாய்த்தே அலைன்மென்ட் வைத்திருப்பார்கள். நேர்ச்சாலையிலேயே ஓடும் காரில் டயரின் உள் விளிம்பு முதலில் தேயும். வெளியிலிருந்து குனிந்து பார்த்தால் பள்ளங்கள் நன்றாகவே தெரியும். உள்பக்கம் கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே இனி ஒவ்வொரு சர்வீஸிலும் நான்கு டயர்களின் உள் விளிம்பையும் படமெடுத்து உங்கள் கைப்பேசிக்கு அனுப்புவோம். அதன்பின் மாற்றச் சொன்னால் நம்புவீர்கள் அல்லவா?

“இதே அளவில் பாதி விலைக்கு ஒரு டயர் கிடைக்கிறதே” என்பவர்களுக்கு: அளவு ஒன்றாக இருந்தால் போதாது. பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் உங்கள் காருக்கு ஏற்றவையா என்று பாருங்கள். ‘ஒய்’ என்ற எழுத்து மணிக்கு 300 கி.மீ. வரை தாங்கும் என்று பொருள். ‘டபிள்யூ’ 270 வரை. பல தயாரிப்பாளர்கள் தங்கள் காருக்கென்றே சோதித்த டயர்களுக்குத் தனிக் குறி இடுகிறார்கள். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், போர்ஷேக்கு ‘என்’ எழுத்து. நான்கு சக்கரமும் இயங்கும் கார்களில் இது வெறும் அலங்காரம் அல்ல. முன்னும் பின்னும் டயர்கள் சுழலும் சுற்றளவில் சிறிது வேறுபட்டாலும் இடையிலுள்ள கிளட்ச் ஓயாமல் அந்த வேறுபாட்டை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அது தேய்ந்தால் மிச்சப்படுத்திய பணம் எங்கே போனது என்றே தெரியாது. குளிர்காலம் கடுமையாக உள்ள இடங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடைகால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். அங்கே இரண்டாவது செட் சக்கரங்களை ஆடம்பரம் என்று சொல்லமாட்டோம்.

பிரேக் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. டிஸ்க் பெரிது, பேட் பெரிது, விலையும் பெரிது. ஆனால் நிதானமாக ஓட்டுபவருக்கு அவை நெடுநாள் வரும். மறக்கப்படுவது பிரேக் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைக்கான தரவிதியின்படி, புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். மலைப்பாதையில் இறங்கும்போது திரவம் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரையைத் தொடும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது இதனால்தான்.

கார்பன் செராமிக் டிஸ்க் உள்ளவர்கள் கவனிக்க: அது எடை குறைவு, துருப்பிடிக்காது, ரிம்மில் கரும்பொடி படியாது, அன்றாட ஓட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் இடித்து விளிம்பில் சில்லு பெயர்ந்தால் டிஸ்க்கே போனது. பஞ்சர் ஒட்டும் இடத்தில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எங்களைக் கேட்டால், இரும்பு டிஸ்க் உள்ளதையே பாருங்கள் என்போம்.

அடுத்தது இன்ஜின். இங்கேதான் அன்றாட ஓட்டம் என்பதற்கே நிறையப் பேர் தவறான பொருள் கொள்கிறார்கள். தினமும் ஓட்டுவதால் இன்ஜின் கெடுவதில்லை. மாதக்கணக்கில் உறையிட்டு மூடி வைத்திருக்கும் காரைவிடத் தினமும் ஓடும் கார் எங்களுக்குக் குறைவாகவே வேலை கொடுக்கிறது. கெடுப்பது குறுந்தூரம். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, அரைமணி கழித்து மறுபடி இரண்டு கிலோமீட்டர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும். ஆயில் சூடாக அதைவிட நெடுநேரம் ஆகும். சூடேறாத ஆயிலில் பெட்ரோலும் நீராவியும் கலந்து தங்கிவிடும். ஆவியாகிப் போக வழி கிடைக்காது. இப்படி ஓடும் காருக்கு, கையேடு சொல்லும் கிலோமீட்டர் வருவதற்கு முன்பே, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்றச் சொல்கிறோம். அது வியாபாரத் தந்திரமல்ல.

பிஎம்டபிள்யூவின் வேக வரிசையான சில எம் கார்களில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரின் விளிம்பில் சிறு விளக்குகள் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணைந்து, எவ்வளவு ஆர்.பி.எம். வரை போகலாம் என்று காட்டும். உங்கள் காரில் அந்த வசதி இல்லாவிட்டால் ஆயில் வெப்பநிலைத் திரையைத் திறந்து வையுங்கள். அது வழக்கமான அளவுக்கு வரும்வரை பாதிப் பெடலுக்கு மேல் வேண்டாம். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் வேண்டாம். மெதுவாக ஓட்டிச் சூடேற்றுவதே நல்லது. விரைந்து வந்து சேரும் நாட்களில் கடைசிச் சில நிமிடங்களை அமைதியாக ஓட்டினால், புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவுக்கு நல்லது.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு, உங்கள் இன்ஜினுக்கு எது விதிக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் என்பதே பதில். 2005ஆம் ஆண்டு வந்த, பத்து சிலிண்டர் வி10 இன்ஜின் கொண்ட எம்5க்கு 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில் விதிக்கப்பட்டது. அந்த 507 குதிரைத்திறன் இன்ஜின் 8,250 ஆர்.பி.எம். வரை பாடும், அதன் பிஸ்டன்களைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள் தேய்வதும் ஊரறிந்த செய்தி. அதைப் படித்துவிட்டு, தன் புதிய டர்போ காருக்கும் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்பவர்கள் வருகிறார்கள். ஊற்றமாட்டோம். டர்போ இன்ஜின்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் உள்ளிழுப்பு வால்வுகளைக் கழுவ எதுவுமில்லை, கரி படிகிறது. வால்நட் ஓட்டுத் துகள்களைக் காற்றழுத்தத்தோடு செலுத்தி அதை நீக்குகிறோம். பில்லில் ‘வால்நட்’ என்று பார்த்துச் சிரித்தவர்களுக்கு விளக்கம் இதுதான்.

பெட்ரோலில் சிக்கனம் பார்க்காதீர்கள். மூடியின் உட்புறம் 98 ஆக்டேன் என்று இருந்தால் 98தான். குறைந்ததைப் போட்டாலும் பெட்ரோல் தவறான நேரத்தில் வெடிப்பதை உணரும் நாக் சென்சார் பற்றவைப்பு நேரத்தைத் தள்ளி இன்ஜினைக் காப்பாற்றிவிடும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய குதிரைகளில் சில லாயத்திலேயே நின்றுவிடும். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அந்த வி10இன் அதிகாரபூர்வக் கணக்கே 100 கி.மீ.க்கு 14.8 லிட்டர், டேங்க் கொள்ளளவு 70 லிட்டர். நெரிசலில் ஓட்டினால் பெட்ரோல் நிலைய ஊழியர் உங்கள் பெயரைத் தெரிந்துவைத்திருப்பார்.

கியர்பெட்டியைப் பொறுத்தவரை எங்கள் சாய்வை மறைக்கவில்லை. நெரிசலில் தினமும் ஊர்பவருக்கு, கிளட்ச்சுக்குப் பதில் திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்தான் ஏற்றது. இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி நெடுஞ்சாலையில் அற்புதம். ஆனால் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடி சூடாகிறது. எம்5கூட 2011இல் எடுத்துக்கொண்ட இரட்டைக் கிளட்ச்சை 2017இல் கைவிட்டு டார்க் கன்வெர்ட்டருக்கு வந்துவிட்டது. இரட்டைக் கிளட்ச் வைத்திருப்பவர்கள், முன்னால் ஒரு காரின் நீளத்துக்கு இடம் உண்டான பிறகே பிரேக்கை விடுங்கள்.

பிளக்-இன் ஹைபிரிட், அதாவது மின்சாரம் ஏற்றியும் பெட்ரோலிலும் ஓடும் கார் வாங்கியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. குறுந்தூரத்தை மின்சாரத்தில் முடித்துக்கொள்வதால் மேலே சொன்ன ஆயில் தொல்லை பெருமளவு குறைகிறது. ஆனால் வாரக்கணக்கில் தூங்கிய பெட்ரோல் இன்ஜின், நீங்கள் முந்துவதற்காகப் பெடலை அழுத்தும் அந்த நொடியில் குளிர்ந்த நிலையிலேயே எழுப்பப்படுகிறது. கட்டுப்பாட்டு மென்பொருள் இயன்றவரை காக்கும். இருந்தாலும் வேகமெடுக்கும் எண்ணம் இருந்தால், முன்கூட்டியே இன்ஜின் இயங்கும் முறைக்கு மாற்றிச் சற்றுச் சூடேற விடுங்கள். ஆயில் மாற்றத்தைக் கிலோமீட்டரை வைத்தல்ல, காலண்டரை வைத்துக் கணக்கிடுவோம்.

சஸ்பென்ஷனை ‘கம்ஃபர்ட்’டில் வையுங்கள். ‘ஸ்போர்ட் பிளஸ்’ பொத்தான் நல்ல சாலைக்கானது. குண்டும் குழியுமான சாலையில் அது முதுகையும், சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களையும் சேர்த்துத் தண்டிக்கும். டயரின் பக்கச்சுவர் மெலிந்திருப்பதால் பள்ளத்தின் அடி நேரே ரிம்மில் இறங்குகிறது. வளைந்த ரிம்மைச் சில நேரம் நிமிர்த்தலாம். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்துத் தரச் சொல்லாதீர்கள். மென்பொருள் மாற்றிச் சக்தியைக் கூட்டச் சொல்பவர்களுக்கும் இதே பதில். அன்றாடம் ஓட்டும் காரில் அந்தக் கூடுதல் 80 குதிரைகளை எங்கே மேய்ப்பீர்கள்?

கடைசியாக, பழைய வேகச் செடான் வாங்க நினைப்பவர்களுக்கு. இவற்றின் விற்பனை விலை சில ஆண்டுகளில் மளமளவென்று சரிகிறது. அதைப் பார்த்துத்தான் ஆசை பிறக்கிறது. காரின் விலைதான் சரிகிறது, உதிரிபாகத்தின் விலை புதிய காருக்கு உரியதாகவே நிற்கிறது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குத் தயங்கக் கூடாது என்பார்கள். இங்கே யானை மலிவு, அங்குசம்தான் விலை. முன்பணம் கொடுப்பதற்கு முன் காரைக் கொண்டுவாருங்கள். கிலோமீட்டர் எண்ணைவிட சர்வீஸ் சீட்டுகளையே நாங்கள் முதலில் கேட்போம். எம் கார் என்றால், 2,000 கி.மீ.யில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸில் இன்ஜின் ஆயிலும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் ஆயிலும் மாற்றப்பட்டதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரே காரில் நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் டயர் இருந்தால், முந்தைய உரிமையாளரைப் பற்றி வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

சர்வீஸுக்கு விடும்போது, முடிந்தால் முந்தைய நாள் மாலையிலேயே விட்டுவிடுங்கள். டயர் காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். காலையில் நெரிசலில் ஓடி வந்த காரில் அது சரியாகக் கிடைக்காது. சக்கரத்தின் பூட்டு நட்டுக்கான சாவியை டிக்கியிலேயே வைத்திருங்கள். அதைத் தேடுவதில் போகும் நேரத்துக்கும் கூலி உண்டு.

அன்புடன்,
பணிமனையினர்