தொட்டியின் பின்சுவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. காலையில் வில்லிவாக்கம் ஸ்டேஷன் வரை நடந்துபோய் வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "யாராவது கேட்டா அந்த மீன் தொட்டியைக் குடுத்துடுங்கப்பா, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்" என்றாய். பார்க்கலாம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். கொடுப்பதாக இல்லை, அதனால்தான். மூன்று மாதமாக அந்தத் தொட்டிக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். வீடியோ காலில் ஹாலின் அந்த மூலை தெரியாதபடி அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்ததை நீ கவனித்தாயோ என்னவோ. முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தோம். முடிந்துவிட்டது, சொல்கிறேன்.

நீ பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன நீல ஸ்டிக்கர் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. உப்பு நீர் விளிம்பு வழியாக இறங்கி, காய்ந்து, வெள்ளையாகப் படிந்து கிடந்தது. போதாததற்குப் பம்பும் வயரும் குழாயும் முன்னால் துருத்திக்கொண்டு தெரிந்தன. நடுவில் உன் மீன்கள் இரண்டும் அவ்வளவு அழகாகச் சுற்றி வரும்போது, பின்னால் மின்சாரப் பெட்டி திறந்து கிடப்பதுபோல இருந்தால் எப்படி? கடலுக்கடியில் பவளம் கட்டுகிற பாறைத் திட்டைப் 'பார்' என்போமே, அது மாதிரி ஒரு பின்சுவர் வைக்கலாம் என்று தோன்றியது.

விசாரிக்கப் போனபோது ஒரு கடையில் உள்ளே கூப்பிட்டு ஒரு சாக்கைப் பிரித்துக் காட்டினார்கள். "இதைப் பின்னாடி அடுக்குங்க சார், அசல் கடல்தான்" என்றார் கடைக்காரர். உள்ளே முருகைக்கல், பாரிலிருந்து உடைத்த பவளக்கல். ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தேன். குழி குழியாக, ஒவ்வொரு குழிக்குள்ளும் சின்ன நட்சத்திரம். ஐம்பது வருடத்துக்குப் பிறகு தொடுகிறேன், ஆனால் விரலுக்கு மறக்கவில்லை. கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. உன் தாத்தா தூத்துக்குடியில் வள்ளத்தில் போய்க் கல் எடுத்து வந்தவர். முத்தும் மீனும் எடுக்கப் போனவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கல் எடுக்கப் போனவர்களும் இருந்தார்கள். கடப்பாரையால் பாரை நெம்பி, வள்ளத்தில் ஏற்றி, கரையில் மலைபோலக் குவிப்பார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஒரு பங்கு, வீடு கட்ட ஒரு பங்கு. எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரே முருகைக்கல்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு குழிகளுக்குள் குச்சியை விட்டு நோண்டிக்கொண்டிருப்பேன். புதிதாகக் குவித்த கல்லில் சதை காய்கிற நாற்றம் இரண்டு தெருவுக்கு வரும். அது உயிர் செத்த நாற்றம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தாத்தாவைக் குறை சொல்லவில்லை. அந்தக் கூலியில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-இல் பாரைக் கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. ஆனால் அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயிருந்தன. சுற்றியிருந்த பாரை உடைத்து எடுத்தபின் அலை நேராகத் தீவில் மோதியது, மணல் கரைந்தது. விலாங்குசல்லி முழுகிப்போன செய்தியை நான் பேப்பரில் படித்துக் காட்டியபோது தாத்தா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தத் தீவுல உட்கார்ந்து நான் கஞ்சி குடிச்சிருக்கேன்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதனால் ஒரு துண்டு முருகைக்கல்கூட நம் வீட்டுக்கு வரக்கூடாது என்று முடிவு செய்தேன். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. உன் மீன்களும் கடலில் பிடித்தவை இல்லையே, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்தவை என்று நீ எவ்வளவு விசாரித்து வாங்கினாய். சரி, கல்லையும் நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் ஃபைபர் கிளாஸ் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா?

முதலில் எல்லோரும் சொன்னது தெர்மாகோல். விலை குறைவு, செதுக்குவது சுலபம். எனக்குப் பிடிக்கவில்லை. செதுக்கும்போதே முத்து முத்தாக உதிரும், மீன் கொத்தினால் தண்ணீரில் மிதக்கும். அதோடு நாங்கள் பட்டறையில் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மாகோல்மேல் ஊற்றினால் அது கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும். அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தின்றுவிடும். எபாக்சி என்கிற இன்னொரு ரெசின் அப்படித் தின்னாது. யோசித்து, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் அடிக்கிற பி.யூ. ஃபோம் ஸ்பிரேயை எடுத்துக்கொண்டேன். பாரிமுனையில் வாங்கினேன். இறுகியபின் அது தண்ணீரில் எதையும் விடாது. இறுகும்வரை அதன் ஆவி நல்லதில்லை. மொட்டைமாடியில் முகமூடி போட்டுக்கொண்டுதான் செய்தேன், நீ கவலைப்படாதே.

பட்டறையில் கிடந்த மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடுதான் முதுகுப்பலகை. தொட்டியின் மேல் விளிம்பில் உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டி ஓடுகிறதே, முழுப்பலகை அதன் வழியாக உள்ளே இறங்காது. ஆகவே இரண்டு துண்டு. சேர்கிற இடத்தை நேர்கோடாக விடாமல் வளைத்து வெட்டினேன், இப்போது இணைப்பு எங்கே என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது. ஃபோம் அடித்த இடத்தில் இரண்டு மூன்று மடங்கு உப்பும், அதனால் கொஞ்சமாகவே அடிக்க வேண்டும். மறுநாள் ஹேக்சா பிளேடால் செதுக்கினேன். சராசரி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகவில்லை. இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டியில் அதற்கே ஏறக்குறைய ஒன்பது லிட்டர் இடம் போய்விடுகிறது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. சின்னத் தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் சீக்கிரம் ஏறி இறங்கும். அழகுக்காக நாலு அங்குலத் தடிமனுக்குச் செய்கிறவர்கள் மீனைப் பற்றி யோசிப்பதில்லை.

மேற்பூச்சுக்குக் கிளிஞ்சல். சுண்ணாம்புக் கடையில் ஐந்து கிலோ வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, அம்மாவின் பழைய உரலில் இடித்துச் சலித்தேன். மாவு ஒரு டப்பா, ரவை ஒரு டப்பா, குருணை ஒரு டப்பா. கடற்கரை மணல் எனக்கு வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும். எபாக்சியில் கிளிஞ்சல் மாவைப் போட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்துத் தடவி, ஈரம் இருக்கும்போதே ரவையையும் குருணையையும் தூவி உள்ளங்கையால் அழுத்துவேன். கையுறை கிழிந்துகொண்டே இருக்கும், ஒரு பெட்டி தீர்ந்தது. மே மாத வெயிலில் எபாக்சியை டம்ளரில் கலந்தால் தானே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். அகலமான தட்டில் பரப்பிக் கலந்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். எபாக்சியை இறுக வைக்கும் ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றாமல் சமையலறைத் தராசில் எடை போட்டேன். அளவு தவறினால் இறுகாமல் நின்று பின்னால் தண்ணீரில் கசியும். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுவேன்.

கடைசிப் பூச்சில்தான் அந்த நட்சத்திரக் குழிகளைச் செய்தேன். பால்பாயிண்ட் பேனாவின் வெறும் குழாயை எடுத்து, நுனியில் ஆறு வெட்டு வெட்டி, தண்ணீரில் தொட்டுத் தொட்டு அந்தப் பசையில் அழுத்தி எடுத்தால் ஒரு குழி. ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் தண்ணீர். சீக்கிரம் அழுத்தினால் குழி மூடிக்கொள்ளும், தாமதித்தால் இறங்காது. நடுவில் பத்து நிமிடம்தான் சரியான நேரம். இடது பக்கத் திட்டில் மட்டும் முந்நூறுக்கு மேல் இருக்கும். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, எங்கள் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டே அழுத்தினேன்.

பத்து நாள் பெரிய டிரம்மில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். அப்புறம் தொட்டியில் சிலிகான் வைத்து ஒட்டினேன். கொளத்தூரில் மீன் தொட்டிக்கென்றே விற்கிற, பூஞ்சை மருந்து கலக்காத சிலிகான். காயும்வரை வீடெல்லாம் வினிகர் வாடை, அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் சோதனைக்காகத் தண்ணீர் நிரப்பினேன். இரவு பதினொரு மணிக்கு ஹாலில் 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வலது துண்டு பிய்த்துக்கொண்டு மேல் பட்டியில் இடித்து நிற்கிறது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, பாப்பா.

என் தவறுதான். ஒன்பது லிட்டர் தண்ணீரைத் தள்ளும் பொருளைத் தண்ணீர் ஒன்பது கிலோ விசையோடு மேலே தள்ளும். இரண்டு துண்டும் சேர்ந்து எடை நாலு கிலோதான். மீதி ஐந்து கிலோவை சிலிகான்தான் பிடித்து வைக்க வேண்டும். அக்ரிலிக்கிலோ சிலிகான் சரியாகப் பிடிக்காது, தோல் உரிவதுபோல உரிந்து வந்துவிடும். கையில் தகடு இருக்கிறதே என்று அதை எடுத்தது பிசகு. இரண்டையும் கழற்றி, முதுகைப் பட்டைச்சீலையால் நன்றாகத் தேய்த்து, அங்கும் எபாக்சி பூசிக் கிளிஞ்சல் ரவை தூவினேன். அந்தச் சொரசொரப்பை சிலிகான் கவ்விக்கொண்டது. சுவரின் தலைக்கும் கண்ணாடிப் பட்டிக்கும் நடுவில் கண்ணாடி ஆப்பும் வைத்தாயிற்று. சுற்றிலும் இடைவெளி இல்லாமல் சிலிகான் ஓட்டினேன். சந்து இருந்தால் கழிவு சேர்ந்து அழுகும், மீன் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பம்புக்கு மட்டும் வலது மூலையில் ஒரு குகை. பம்பை ஒட்டவில்லை, கையை விட்டால் வெளியே எடுத்துவிடலாம்.

ஒரு வாரம் காய்ந்தபின் தண்ணீர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025. நீ எழுதி ஒட்டிவைத்த தாள் பிரிட்ஜ் கதவில் அப்படியே இருக்கிறது. மீன்கள் அதுவரை நீல டப்பில் தங்கள் பழைய பீங்கான் கற்களோடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடும் இருந்தன. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் அதே கற்களும் ஸ்பாஞ்சும் வந்ததால் புதுத் தண்ணீர் சீக்கிரம் பழகிக்கொண்டது. மீன் கழிவில் வரும் அம்மோனியா பூஜ்யம் என்று தொடர்ந்து ஒரு வாரம் பார்த்தபின்தான் அவற்றை விட்டேன். பெரியவள் நேராகப் போய் இடது திட்டில் ஒவ்வொரு குழியாகக் கடித்துப் பார்த்தாள். சின்னவன் அவள் பின்னாலேயே. இப்போது அந்தத் திட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளம்தான் அவர்கள் வீடு. கையை விட்டால் பெரியவள் கொத்த வருகிறாள், உன் கையையும் இப்படித்தானே விரட்டுவாள்.

மேலே சின்ன மின்விசிறி ஓடுகிறது, சூடு 27, 28-க்கு மேல் போவதில்லை. ஆவியாகும் ஒரு லிட்டருக்கு தினமும் நல்ல தண்ணீர்தான் விடுகிறேன், உப்புத் தண்ணீர் இல்லை. முதல் இரண்டு வாரம் சுவர் முழுவதும் காபித்தூள் தூவியதுபோலப் பழுப்புப் பாசி. அது வரும், போகும் என்று உன்னிடம் கேட்டது நினைவு இருந்தது, தொடவில்லை. நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது திட்டின் ஓரத்தில், பேனாக் குழாய் அழுத்திய ஒரு குழிக்குள், மிளகு அளவில் இளஞ்சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. உன் பழைய கல்லில் இருந்த அதே கோரலைன் பாசிதான், கல்லின்மேல் ஓடுபோலப் படர்கிற பாசி. நான் செய்த கல்லைக் கல் என்று நம்பி அதுவும் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான் தீவு அருகே இப்போது கான்கிரீட்டில் செயற்கைப் பார் செய்து கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள், தெரியுமா? அலையை அது வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை நீ லீவில் வரும்போது தூத்துக்குடிக்கு ஒரு நடை போய் வரலாம். நம் பழைய வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் இன்னும் நிற்கிறது.

நடுத்திட்டு ஒன்றைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே என்ன வைக்கலாம் என்று நீ சொல். பம்பைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்ப வேண்டுமோ என்றும் ஒரு சந்தேகம், நடுவில் குப்பை தங்குகிறது. விளக்கு பகல் பன்னிரண்டு மணிக்கு எரியும். உனக்கு நைட் டூட்டி முடிகிற காலை எட்டு மணி, இங்கே பன்னிரண்டரை. அந்த நேரத்தில் வீடியோ கால் போடு, அம்மாவிடம் போனை இந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா