வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டின் வாசிப்புக் கூட்டங்கள் அனைத்தையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம். புவியின் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்த மண்டலத்தைச் சுற்றியுள்ள காந்த உறையில் பாய்ந்து வரும் பிளாஸ்மாத் தாரைகளே, அதாவது மின்னூட்டத் துகள்களின் தாரைகளே, அப்பொருள்.

நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனிலிருந்து வரும் இத்தகைய துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று, புவிக்குச் சுமார் 90,000 கிலோமீட்டர் முன்னதாக, ஓடும் படகின் முன் எழும் அலையை ஒத்த வில் அதிர்ச்சியைக் கடந்து, வேகம் தணிந்து சூடேறி, காந்த மண்டலத்தைச் சுற்றி விலகிச் செல்கிறது. நாம் அறிந்திருந்தது இவ்வளவே. அந்தத் தணிந்த ஓட்டத்தினூடே வலுவான தாரைகள் திடீரெனப் பாய்வதை, இன்டர்பால்-1, மாகியான்-4 செயற்கைக்கோள்களின் அளவீடுகளைக் கொண்டு நெமெச்செக் குழுவினர் 1998-இல் வெளியிட்டனர். அடர்த்தியும் வேகமும் சேர்ந்து தரும் இயக்க அழுத்தம் சுற்றுப்புறத்தைவிட இரு மடங்குக்கு மேல் உயர்வது இவற்றை இனங்காணப் பயன்படும் அளவுகோல்களுள் ஒன்று.

இவை எவ்வாறு பிறக்கின்றன என்ற கேள்வியே கூட்டங்களில் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. சூரியக் காற்றின் காந்தப்புலம் ஏறக்குறைய சூரியனையும் புவியையும் இணைக்கும் கோட்டின் திசையில் அமையும்போது, அதிர்ச்சி முகப்பிலிருந்து துகள்கள் புலக்கோடுகளின் வழியே எதிர்த்திசையில் திரும்பி ஓடி, வரும் காற்றைக் கலக்க, முகப்பு நெளிகிறது. நெளிவின் சாய்ந்த பகுதியில் நுழையும் காற்று, நேராக மோதும் காற்றைப் போல வேகம் இழப்பதில்லை. அடர்ந்து, விரைவு குன்றாமல் உள்ளே பாய்கிறது. கிளஸ்டர் செயற்கைக்கோள்களின் தரவைக் கொண்டு ஹீட்டாலா குழுவினர் 2009-இல் இவ்விளக்கத்தை முன்வைத்தனர். பழைய முகப்புக்கு முன்னால் புதியது எழுந்து, முகப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் தாரை உருவாகும் என்பதை, நாசாவின் எம்.எம்.எஸ். செயற்கைக்கோள்களின் தரவைக் கொண்டு ராப்டிஸ் குழுவினர் 2022-இல் காட்டினர். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக உறுப்பினர் சிலர் வாதிட்டனர். இரண்டு வழிகளிலும் தாரை பிறக்கலாம் என்பதே என் கருத்து.

எவ்வகையாயினும், தாரை பிறக்கச் சூரியப் புயல் தேவையில்லை. காற்று அமைதியாக வீசும் நாளிலும் காந்த மண்டலத்தின் எல்லை அடிவாங்குகிறது. 2007 ஆகஸ்டு 7 அன்று தெமிஸ் செயற்கைக்கோள்கள் பதிவு செய்த நிகழ்வில், தாரையின் தாக்குதலுக்குப் பின் அவ்வெல்லை முரசின் தோல் போல அதிர்ந்ததை ஆர்ச்சர் குழுவினர் 2019-இல் வெளிப்படுத்தினர். இதை விளக்கிய மாலையில், கூட்டம் முடிந்த பின்னும் எவரும் எழுந்து செல்லவில்லை. செயலாளராக எனக்கு மிகுந்த நிறைவளித்த மாலை அது.

நூலகப் பணிகள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

ஒரு பிழையையும் இங்குப் பதிவு செய்ய வேண்டும். பள்ளிகளுக்கு நாம் அச்சிட்டு வழங்கிய விளக்கப்படத்தில் வில் அதிர்ச்சியையும் காந்த மண்டல எல்லையையும் அசைவற்ற, வழவழப்பான வளைகோடுகளாக வரைந்திருந்தோம். நெளியும் முகப்பையும் அதனூடே பாயும் தாரைகளையும் காட்டும் திருத்தப்படம் அணியமாக உள்ளது. அதை அச்சிட்டு, பழைய படம் பெற்ற பள்ளிகள் அனைத்துக்கும் அனுப்பப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்