வெஸ்ட் ஹாண்ட்ஸ் கோர்ட்டில் ஒரு ஏப்ரல் வாரம்

அன்பு மகள் நிலாவுக்கு,

புது வீட்டுக்குப் பக்கத்தில் வெஸ்ட் ஹாண்ட்ஸ் என்று ஒரு டென்னிஸ் கிளப் இருக்கிறது, ஆனால் போர்ன்மவுத் இருப்பது டார்செட் மாவட்டத்தில், அப்புறம் எதற்கு அந்தப் பெயர் என்று கேட்டிருந்தாய். ஹாண்ட்ஸ் என்பது ஹாம்ப்ஷயரின் சுருக்கம். 1974 ஏப்ரலில் எல்லைகளை மாற்றிப் போடும் வரைக்கும் உன் ஊர் ஹாம்ப்ஷயரின் மேற்கு ஓரம்தான். ஊர் மாவட்டம் மாறியது, கிளப் பெயர் மாறவில்லை. நம்ம ஊரில் பேருந்து நிலையம் இடம் மாறிய பிறகும் பழைய பேருந்து நிலையம் என்றே சொல்கிறோமே, அந்த மாதிரி.

ஆனால் அந்தக் கிளப்புக்குப் பெயரை விடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. உலக டென்னிஸை 'ஓப்பன் காலம்' (காசு வாங்கி ஆடுகிறவர்களும் வாங்காதவர்களும் ஒரே போட்டியில் ஆடும் காலம்), அதற்கு முந்தைய காலம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்களே, அந்தக் கோடு விழுந்தது விம்பிள்டனில் அல்ல, நீ நடந்து போகும் டால்பட் உட்ஸ் பகுதியில் இருக்கும் அந்தக் கோர்ட்டில்தான். அந்தக் கோடு விழுந்த போட்டி இன்றைக்கு இல்லை. அதன் பெயர் பிரிட்டிஷ் ஹார்ட் கோர்ட் சாம்பியன்ஷிப்.

பெயரிலேயே ஒரு குழி இருக்கிறது, முதலில் அதைத் தாண்டு. இன்றைக்கு 'ஹார்ட் கோர்ட்' என்றால் சிமென்ட் மேல் பெயின்ட் அடித்த நீலத் தரை ஞாபகம் வரும். அந்தக் கால இங்கிலாந்தில் புல் இல்லாத தரை எல்லாமே ஹார்ட் கோர்ட். அதனால் பழைய பதிவுகளில் இந்தப் பெயரைப் பார்த்தால் சிவப்புத் தரை என்று படி. பாரிஸில் 1912-ல் தொடங்கிய உலக ஹார்ட் கோர்ட் போட்டி ஆடியதும் களிமண் தரையில்தான். இது தெரியாமல் பழைய சாம்பியன்களை எல்லாம் சிமென்ட் தரை மன்னர்களாக எழுதி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போட்டி 1924-ல் டார்கீயில் தொடங்கி, 1927-ல் போர்ன்மவுத்துக்கு வந்தது. இரண்டுமே கடற்கரை ஓய்வூர்கள். காரணம் எளிது. கோடையில் இந்த ஊர்களில் ஹோட்டல் அறை கிடைக்காது, ஏப்ரலில் அறைகள் காலியாகக் கிடக்கும். ஈஸ்டர் கூட்டம் கிளம்பியதும் ஒரு வாரம் டென்னிஸ் வைத்தால் ஆட்டக்காரர்கள், அவர்களோடு வருகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள், பார்வையாளர்கள் என்று அறைகள் நிரம்பும். 1968-ல் ஈஸ்டர் ஏப்ரல் 14, போட்டி ஏப்ரல் 22. கணக்கு புரிகிறதா? ஆட்டக்காரர்களுக்கும் இது தோதுதான். ரோம், பாரிஸ் களிமண் போட்டிகளுக்கு முன்னால் காலைப் பழக்கிக்கொள்ள ஒரு வாரம் கிடைத்தது. பிரான்ஸின் லகோஸ்ட் இங்கே ஜெயித்திருக்கிறார். ஃப்ரெட் பெர்ரி 1932 முதல் 1936 வரை தொடர்ந்து 5 முறை ஜெயித்தார்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் போட்டியின் குணம் முழுக்க அதில்தான் இருந்தது. பாரிஸ் ரோலான் காரோஸில் மேலே தெரியும் சிவப்பு வெறும் 2 மில்லிமீட்டர் செங்கல் பொடி, நம்ம கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே அதுதான். அதன் அடியில் சில சென்டிமீட்டருக்குச் சுண்ணாம்புக்கல் தூள், அதற்கும் கீழே எரிந்த நிலக்கரியின் கசடு, எல்லாவற்றுக்கும் அடியில் உடைகல். கசடும் கல்லும் மழைநீரைக் கீழே இறக்கிவிடும், சுண்ணாம்புக்கல் தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இங்கிலாந்தில் பெரும்பாலும் போட்டது ஷேல். சுரங்கக் கழிவு மேடுகளில் எரிந்து சிவந்த மண்கல்லை நொறுக்கிச் சலித்துப் பரப்புவார்கள். செங்கல் பொடியை விட இது கரகரப்பானது, உதிரியானது. காலைச் சறுக்கி நிறுத்தலாம், ஆனால் எங்கே நிற்கும் என்று பாரிஸில் போல நம்பிச் சொல்ல முடியாது.

குளிர்காலம்தான் இந்தத் தரைக்குப் பகை. மேல்படுகையில் தங்கிய நீர் உறையும்போது பருத்து மண்ணைத் தூக்கும், உருகும்போது தரை புட்டு மாதிரி பொலபொலவென்று ஆகிவிடும். எனவே வசந்தத்தில் பாசியைச் சுரண்டி எடுத்து, புதுத் தூள் போட்டு, நனைத்து, ரோலர் ஓட்ட வேண்டும். இதில் பதம் தப்பினால் போச்சு. ஈரம் அதிகமானால் தூள் ரோலரோடு ஒட்டிக்கொண்டு அப்பம் அப்பமாக உரிந்து வரும். குறைந்தால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இறுகாது. குதிகாலை ஊன்றிப் பார்த்தால் தடம் பதிய வேண்டும், ஆனால் செருப்பில் மண் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். எல்லைக் கோடுகள் ஆணி அடித்த நாடாக்கள். உறைபனி அந்த ஆணிகளையும் மேலே தள்ளிவிடும். அப்படி எழும்பிய நாடாவில் பந்து விழுந்தால் எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு கோட்டையும் காலால் தடவிப் பார்த்து, எழும்பிய ஆணியைச் சுத்தியலால் இறக்க வேண்டும்.

அடுத்த தொல்லை பேஸ்லைன், அதாவது கோர்ட்டின் பின்பக்க எல்லைக் கோடு. ஆட்டக்காரர்கள் சறுக்கிச் சறுக்கி அங்கிருக்கும் தூளை வேலிப் பக்கம் தள்ளிவிடுவார்கள். கோட்டுக்குப் பின்னால் ஒரு ஆழமில்லாத பள்ளம் விழும். மழை பெய்தால் முதலில் நீர் கட்டுவது அங்கேதான், கடைசியில் காய்வதும் அங்கேதான். ஆட்டம் முடிந்ததும் தரையைச் சமப்படுத்த அதன் மேல் இழுவலை இழுக்கும்போது வெளி ஓரத்திலிருந்து உள்ளே வட்டம் வட்டமாக வர வேண்டும். தினமும் ஒரே திசையில் இழுத்தால் ஒரு ஓரம் மேடாகிவிடும். இதெல்லாம் நல்ல வெயில் அடிக்கும் ஊரிலேயே வேலை வாங்கும். ஏப்ரல் மாதத்து இங்கிலாந்தில், தூறலும் குளிர்காற்றும் மாறி மாறி வரும்போது, எப்படி இருந்திருக்கும் என்று நீயே இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள். ஈரத்தில் பந்தின் கம்பளி நீரைக் குடித்துக் கனத்துவிடும், அடித்தாலும் பறக்காது. வேகமாக சர்வ் அடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தத் தரை கருணை காட்டாது. இதை நினைவில் வை, கீழே வரும்.

இனி பணம். அமெச்சூர் என்றால் ஆடுவதற்குக் காசு வாங்காதவர். பரிசுப் பணம் வாங்கினால் தொழில்முறை ஆட்டக்காரர், அவருக்கு விம்பிள்டன், டேவிஸ் கோப்பை எல்லாம் கிடையாது. 5 முறை போர்ன்மவுத்தை ஜெயித்த பெர்ரி 1936 கடைசியில் தொழில்முறைக்குப் போனதும் அந்தக் கதவுகள் எல்லாம் அவருக்கு மூடின. நம்ம ராமநாதன் கிருஷ்ணனுக்கும், தொழில்முறை ஆட்டங்களை நடத்திய ஜாக் கிராமர் பெரிய தொகை தருவதாகச் சொன்னார். அவர் போகவில்லை. போயிருந்தால் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடியிருக்க முடியாது. 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்கு வந்திருக்கவும் முடியாது. இதற்கிடையில் அமெச்சூர்கள் பலர் 'செலவுக்காசு' என்ற பெயரில் மேசைக்கு அடியில் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த வேஷத்தைக் கலைத்தது பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம். 1967 டிசம்பர் 14-ல் 295-க்கு 5 என்ற வாக்கில் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே நீக்குவதாக முடிவெடுத்தார்கள். உலக டென்னிஸ் சம்மேளனம் இடைநீக்கம் செய்வோம் என்று மிரட்டிப் பார்த்தது, பிறகு 1968 மார்ச் 30-ல் பாரிஸில் கூடி இறங்கி வந்தது. அந்த வருடத்துக்குக் குறிப்பிட்ட சில போட்டிகளை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று அனுமதி. பிரிட்டிஷ் நாட்காட்டியில் அடுத்து வரிசையில் நின்றது போர்ன்மவுத். தகுதி பார்த்துக் கொடுத்த பெருமை இல்லை, தேதி கொடுத்த பெருமை. பாரிஸ் முடிவுக்கும் முதல் சர்வுக்கும் நடுவே 23 நாள்தான்.

1968 ஏப்ரல் 22, திங்கட்கிழமை. ஓப்பன் காலத்தின் முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஓவன் டேவிட்சன் பிரிட்டன் அமெச்சூர் ஜான் கிளிஃப்டனை 6-2, 6-3, 4-6, 8-6 என்று ஜெயித்தார். முதல் புள்ளி மட்டும் தோற்றவருக்கு, கிளிஃப்டனுக்கு. டேவிட்சன் அப்போது பிரிட்டிஷ் சங்கத்தின் பயிற்சியாளர், அதனால்தான் தொழில்முறைக் கணக்கில் வந்தார். பெரிய தலைகளில் ஜார்ஜ் மக்கால் என்பவர் நடத்திய தொழில்முறைக் குழுவினர் வந்தார்கள்: லேவர், ரோஸ்வால், கொன்சாலஸ், எமர்சன், ஸ்டோல், ஹிமெனோ. நியூகோம்ப், ரோச் இருந்த இன்னொரு தொழில்முறைக் குழு வரவில்லை. ஆக 'உலகமே வந்தது' என்று எங்காவது படித்தால் நம்பாதே, பாதி உலகம்தான் வந்தது.

வந்தவர்களிலும் ஒரு பூகம்பம். மார்க் காக்ஸ் என்ற இடது கை ஆட்டக்காரர், கேம்பிரிட்ஜில் படித்தவர், வயது 24, அமெச்சூர். இரண்டாம் சுற்றில் பாஞ்சோ கொன்சாலஸை 0-6, 6-2, 4-6, 6-3, 6-3 என்று சாய்த்தார். கொன்சாலஸுக்கு 40 தொட இன்னும் இரண்டு வாரம். 1949-லிருந்து தொழில்முறை. அரங்கங்களுக்குள் கான்வாஸ் விரித்த வேகமான தரைகளில் ஊர் ஊராக ஆடிப் பழகியவர், 5 செட் ஆடி வருடக்கணக்கு ஆகியிருந்தது. அவருடைய சர்வ் இந்தக் குளிர்ந்த ஷேலில் பாதி உயிரை விட்டது. மேலே சொன்ன தரையின் குணம் இதுதான். காக்ஸ் அதோடு நிற்காமல் அடுத்து எமர்சனை 6-0, 6-1, 7-5 என்று மூட்டை கட்டினார். எமர்சன் 12 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வைத்திருந்தவர், தொழில்முறைக்கு மாறி அதிக நாள் ஆகவில்லை. அரையிறுதியில் லேவர் 6-4, 6-1, 6-0 என்று காக்ஸுக்குக் கணக்குத் தீர்த்தார். இறுதியில் 33 வயது ரோஸ்வால் லேவரை 3-6, 6-2, 6-0, 6-3 என்று வென்றார். தரை மெதுவானால் ரோஸ்வாலின் பேக்ஹேண்டுக்கு நேரம் கிடைக்கும், லேவருக்கும் அது தெரியும், ஒன்றும் செய்ய முடியவில்லை. சில வாரங்களில் பிரெஞ்சு ஓப்பன் இறுதியிலும் அதே இருவர், அதே முடிவு.

ரோஸ்வாலுக்குப் பரிசு 1,000 பவுண்ட். பெண்களில் வர்ஜினியா வேட் 6-4, 6-1 என்று வின்னி ஷாவை வென்றார். அவருக்கு உரிய 300 பவுண்டை அவர் வாங்கவில்லை, அமெச்சூராகவே இருந்துவிட்டார். காக்ஸுக்கும் ஒன்றும் கிடையாது. ஆணுக்கு 1,000, பெண்ணுக்கு 300 என்ற விகிதத்தைக் கவனி. அந்த வருட விம்பிள்டனில் 2,000-க்கு 750. பெண்கள் பின்னால் தனியாகக் கிளம்பிப் போராடியதற்கு விதை முதல் வாரத்திலேயே கணக்கு நோட்டில் இருக்கிறது.

போட்டி நின்றதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். என் கணிப்பு, அந்த வாரம் திறந்த வாசல் வழியாகத்தான் போட்டியின் உயிரும் வெளியே போனது. ஹோட்டல் அறையும் செலவுக்காசும் போதும் என்றிருந்த காலத்தில் ஒரு கடற்கரை ஊர் உலக ஆட்டக்காரர்களை வரவழைக்க முடிந்தது. பரிசுப் பணமே அளவுகோல் என்றானதும் அதே ஊர் அமெரிக்க அரங்கங்களோடும் மான்டி கார்லோ வெயிலோடும் ஏலம் கேட்க வேண்டி வந்தது. ஏலத்தில் தூறலுக்கு மதிப்பில்லை. ஆனாலும் சட்டென்று சாகவில்லை. 1973-ல் பனாட்டா, 1974-ல் நஸ்டாசே, 1975-ல் ஒரான்டெஸ், 1976-ல் ஃபீபாக் என்று பட்டியல் நன்றாகவே ஓடுகிறது. 1983-ல் ஹிகேராஸ் ஜெயித்ததோடு பழைய வரிசை நின்றது. 1996-ல் ஏடிபி என்ற ஆண்கள் தொழில்முறைச் சுற்றில் மீண்டும் அதே கிளப்பில், இம்முறை செப்டம்பரில். முதலில் ஆல்பர்ட் கோஸ்டா, அடுத்த இரண்டு வருடம் மன்டிய்யா, இருவரும் ஸ்பெயின்; 1999-ல் ருமேனியாவின் வொய்னியா. அமெரிக்க ஓப்பன் முடிந்த கையோடு களிமண்ணுக்குத் திரும்ப பெரும்பாலும் ஸ்பெயின்காரர்களுக்குத்தான் மனம் இருக்கும், பட்டியலே அதைக் காட்டுகிறது. 2000-ல் போட்டி பிரைட்டனுக்கு, கூரைக்குக் கீழே போனது. ஹென்மன் ஜெயித்தார், அந்த ஒரு வருடம்தான்.

நீ நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு மூன்று சங்கதி. அப்போது 6-6 ஆன செட்டைச் சட்டென்று முடிக்கும் டை-பிரேக் இல்லை, 8-6, 9-7 என்றெல்லாம் வந்தால் அச்சுப்பிழை அல்ல. பெண்களைக் கணவர் பெயரின் முதலெழுத்தோடு போடுவார்கள், 'மிஸஸ் பி. எஃப். ஜோன்ஸ்' என்றால் ஆன் ஜோன்ஸ். டிக்கெட் விலை ஷில்லிங்கில் இருக்கும், 1971-க்கு முன் 20 ஷில்லிங் ஒரு பவுண்ட், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். கிளப் உறுப்பினர்களுக்கானது, உள்ளே போவதற்கு முன் வரவேற்பில் கேட்டுக்கொள்.

1968 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை பத்திரிகையை எடு. திங்கட்கிழமை ஸ்கோர்கள் அதில்தான் வரும், விளையாட்டுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில். கிளிஃப்டன் பெயர் இருக்கும் வரியைப் படமெடுத்து அனுப்பு. குடையை மறக்காதே.

அன்புடன்,
அப்பா