யாருக்கு எழுதின கடிதம் என்று கேட்டவருக்கும், எங்கள் நெல்லைக் காயவைத்தவர்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம், சபையாருக்கு ஸ்தோத்திரம். இந்தப் பொங்கலோடு அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அன்றைக்கு வந்து நின்ற யாருக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, காபி குடித்தீர்களா என்றுகூடக் கேட்கவில்லை, அதனால் தாமதமானாலும் இப்போது எழுதுகிறேன்.

முதலில் வயல். ஆறு மா நிலத்தில் சம்பா நெல், கதிர் முற்றி நிற்கும்போது அப்பா பக்கவாதத்தில் விழுந்தார், நான் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தேன், அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மழையும் பிடித்துக்கொண்டது. சேற்றில் டயர் வண்டி இறங்காது என்று செயின் வைத்த அறுவடை மிஷினுக்கு அலைந்து பிடித்து வந்தது கீழத்தெரு அண்ணன்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள், அந்த நெல்லை ரோட்டில் கொட்டி மூன்று நாள் கிளறிவிட்டது அவர்கள் வீட்டு அக்காக்கள். அதில் ஒரு அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு ஆடு விரட்டியதை வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுந்து போய் உதவத் தோன்றவில்லை. அவர்கள் யாரும் எங்கள் சபைக் கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை. டீக்காசுகூட வாங்கவில்லை. அக்கா, அண்ணன், நன்றி.

அப்புறம் நான் சொல்ல வந்த விஷயம். அப்பா போவதற்கு முந்தின டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருடத்துக்கென்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வேத வசன அட்டை, எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29:11. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு' என்று தொடங்கும் வசனம். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான் எதிர்பார்த்த முடிவு ஒன்றே ஒன்றுதான். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நர்ஸ் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன். பத்து நாளில் அப்பா போய்விட்டார். துக்கத்துக்கு வந்த ஒருவர், விசுவாசம் கொஞ்சம் குறைந்துவிட்டது தம்பி என்றார். வீட்டுக்கு வந்து வேதாகமத்தை பீரோ மேலே தூக்கிப் போட்டேன், மூன்று மாதம் தொடவில்லை.

பொறையாறு பக்கம் இருக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவை எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும், பெயர் போட்டால் திட்டுவார். ஒருநாள் கூப்பிட்டுவிட்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசி என்றார். வாசித்ததும் ஒரே கேள்வி: "யாருக்கு எழுதின கடிதம் இது?"

எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதினது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள், 70 வருடம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. நம்முடைய வசனத்துக்கு முந்தின வசனத்தில்தான் அந்த 70 வருடம். கேட்டவர்களில் பாதிப் பேர் அங்கேயே செத்திருப்பார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான், அவன் பொய்த்தீர்க்கதரிசி. "நீ எரேமியாவை நம்பல தம்பி, அட்டையில எரேமியா பேரைப் போட்டுக்கிட்டு அனனியாவைத்தான் நம்பியிருக்கே. அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சிட்டு எனக்கு மணியார்டர் வரலையேன்னு போஸ்ட்மேன்கிட்ட சண்டை போடுறே" என்றார். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள். வேதத்திலுள்ள ஜெபப் பாட்டுகளில் 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார், அது கடைசி வரை இருட்டாகவே முடிகிறது, ஒரு ஆறுதல் வரி கிடையாது. இப்படிப்பட்ட ஒன்றையும் நீக்காமல் வைத்திருக்கிற புத்தகம் என்னிடம் பொய் சொல்லாது என்று எனக்கு அங்கேதான் பட்டது. வேதம் அதிகாரமுள்ளது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவந்தேன், ஆனால் அதிகாரம் பண்ணினது நான்தான், எனக்கு வேண்டியதை அது சொல்லவேண்டும் என்று.

பக்கத்துத் தரங்கம்பாடியில் 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்து ரூத் புத்தகம் வரை வந்து, 1719-இல் 36 வயதில் இறந்துபோனார். ரூத் என்றால் பஞ்சம், சாவு, விதவைகள், அறுவடை. அம்மாவிடம் இதைச் சொன்னேன், அன்று ராத்திரி ரூத்தின் நாலு அதிகாரத்தையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டது.

இறால் குட்டை போட எங்கள் நிலத்தை விலைக்குக் கேட்டு ஆள் வந்தபோது எரேமியா 32 வாசித்துக்கொண்டிருந்தோம். எருசலேம் முற்றுகையில் கிடக்கும்போது எரேமியா 17 சேக்கல் (அந்தக் கால எடை) வெள்ளிக்கு நிலம் வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். ஐயா, நிலத்தை விற்காதே என்று வசனமே வந்துவிட்டது என்று குதித்தேன். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? உப்புத்தண்ணி ஏறினா பக்கத்து வயல் என்ன ஆகும்னு யோசி, அதுக்குத் தீர்க்கதரிசி எதுக்கு?" என்றார். விற்கவில்லை.

ஐயா, உங்களுக்கும் சுக்குக்காபி போட்டுக் கொடுத்த டீச்சரம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்த வருட அட்டையை எடுத்துக்கொண்டு ஆராதனை முடிந்ததும் நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். நீங்கள் தூங்கிவிட்டீர்களாம். காலையில் வா, முழு அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுவார் என்று டீச்சரம்மா கதவைச் சாத்திவிட்டார்கள்.