ஏற்றத்தில் உதவிய அண்ணனுக்கு நன்றி

பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஏற்றத்தில் எங்கள் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) திடீரென நியூட்ரலுக்குப் போய், எச்சரிக்கை விளக்கும் எரிய, குழந்தைகளோடு சாலையோரம் நின்றிருந்தோம். நாங்கள் கையைக்கூட காட்டவில்லை, நீங்களாகவே வண்டியை நிறுத்திவிட்டு டார்ச்சோடு வந்தீர்கள்.

தானாக மாறும் கியர் என்றாலும் இந்த வண்டியில் இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான், காலுக்குப் பதிலாக மின்சார பம்பும் ஹைட்ராலிக் எண்ணெயும் கிளட்சை அழுத்துகின்றன, கியர் ஆயில் வேறு இது வேறு என்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னீர்கள்! அந்த ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. உங்களிடம் பிரேக் ஆயில் பாட்டில் இருந்தும் ஊற்றவில்லை. "கையேட்டில் என்ன போட்டிருக்கோ அதைத்தான் ஊத்தணும், மாத்தி ஊத்தினா ரப்பர் சீல் போயிடும்" என்றீர்கள். அப்புறம் நீங்களே போய்ச் சரியான எண்ணெயை வாங்கி வந்து, தூசி உள்ளே விழக்கூடாதென்று மூடியைச் சுற்றித் துணியால் துடைத்துவிட்டுத்தான் திறந்தீர்கள். அந்தக் கவனத்தை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

எண்ணெய் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம், வெறுமனே நிரப்பிக்கொண்டே ஓட்டாதீர்கள் என்றீர்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் தேய்ந்துவிடும், பிரேக்கையே பிடியுங்கள் என்றும் சொன்னீர்கள். எண்ணெய்க்கான பணத்தைக்கூட வாங்க மறுத்துவிட்டீர்கள்.

கசிந்த குழாயை மாற்றியாயிற்று அண்ணா, இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள், அந்தப் பணத்தையாவது தர வேண்டும்.